ஃபால்கனுக்கு எக்ஸ்ரே: பறவையை மயக்குவதில் தொடங்கி படத்தைப் படிப்பது வரை

செப்டம்பர் பிறந்தாலே வளைகுடாவில், வேட்டைக்குப் பழக்கும் ஃபால்கன் என்ற வல்லூறுகளுக்கான மருத்துவமனைகளின் வரவேற்பறை நிறைந்துவிடும். செயற்கைப் புல் ஒட்டிய கட்டைகளில், தலையில் கண்ணை மறைக்கும் புர்கா என்ற தோல் தொப்பி மாட்டிய பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கோடை முழுக்க ஏசி அறையில் இறகு உதிர்த்து முளைக்கவிட்டு, அக்டோபரில் வேட்டைக் காலம் தொடங்குவதற்குள் ஒருமுறை முழுசாகச் சோதித்துவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். துபாயில் 1983லிருந்தும் அபுதாபியில் 1999லிருந்தும் இதற்கென்றே தனி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2002லிருந்து ஃபால்கனுக்குப் பாஸ்போர்ட்டே உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் டெக்னீஷியன்களுக்கும், கால்நடை மருத்துவம் படிப்பவர்களுக்கும், ஊரில் மீட்பு மையங்களில் பருந்தும் ஆந்தையும் பார்ப்பவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த தவறான எக்ஸ்ரே முடிவுகளில் பெரும்பாலானவை நோயைத் தெரியாததால் வந்தவை அல்ல, பறவை மேசையில் கோணலாகப் படுத்திருந்ததால் வந்தவை. அதனால் இந்தக் கட்டுரையில் படம் எடுப்பதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எக்ஸ்ரே எதற்கு

இரைகொல்லிப் பறவை தன் நோயைக் கடைசி வரை மறைக்கும். காட்டில் சோர்வைக் காட்டினால் பிழைக்க முடியாது என்பதால் அது அதன் இயல்பு. கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற, நேற்று வரை ஒழுங்காகச் சாப்பிட்ட ஃபால்கனின் காற்றுப்பைக்குள் பூஞ்சை பரவியிருக்கலாம்.

எக்ஸ்ரே விஷயத்தில் பறவையின் உடம்பு நமக்குச் சாதகமானது. அதற்கு உதரவிதானம் கிடையாது. நுரையீரல் நம்முடையதைப் போல விரிந்து சுருங்காது, அதிலிருந்து கிளம்பும் காற்றுப்பைகள் கழுத்திலிருந்து வயிற்றின் கடைசி வரை பரவியிருக்கும், சில எலும்புகளுக்குள்ளேயும் புகுந்திருக்கும். காற்று படத்தில் கறுப்பாக விழும். அந்தக் கறுப்பின் நடுவே இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். நாய், பூனைக்குக்கூட இவ்வளவு தெளிவு கிடைக்காது. ஆனால் பறவை கோணலாகப் படுத்தால் அந்தக் கறுப்பும் கோணலாகிவிடும். சகல குழப்பமும் தொடங்குவது அங்கேதான்.

முதல் படி: பறவை படம் எடுக்கும் நிலையில் இருக்கிறதா

மூச்சு வாங்குகிற, வாயைத் திறந்து வாலை ஆட்டி ஆட்டிச் சுவாசிக்கிற பறவையை நேராக எக்ஸ்ரே மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் ஆக்சிஜன், வெதுவெதுப்பு, தேவைப்பட்டால் திரவம். மணிக்கணக்கில் ஆனாலும் சரி, படம் காத்திருக்கும்.

நிலை சரியாக இருந்தால் கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். அது காலியாக இருக்க வேண்டும். முந்தின நாள் சாப்பிட்ட இரையின் இறகு, ரோமம், எலும்புத் துணுக்குகளைப் பறவை உருண்டையாகக் கக்கிவிட்டதா என்று பராமரிப்பாளரைக் கேளுங்கள். கக்காத பறவைக்கு மயக்கம் கொடுத்தால் அந்த உருண்டை மேலே வந்து மூச்சுக்குழலை அடைக்கும். முந்தின நாள் மாலையில் இறகோ ரோமமோ இல்லாத சுத்தமான இறைச்சி கொஞ்சம், காலையில் வெறும் வயிறு என்று முன்பே சொல்லி வைப்பது நல்லது. மெலிந்துபோன பறவையையும் சின்னப் பறவையையும் அதிக நேரம் பட்டினி போடக் கூடாது.

எடை போடுங்கள். மார்பெலும்பின் இரு பக்கச் சதையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பராமரிப்பாளரிடம் நான்கு கேள்வியாவது கேளுங்கள்: எப்போதிலிருந்து பறப்பது குறைந்தது, எச்சம் என்ன நிறம், குரல் மாறியதா, கடைசியாக எந்த இரையைத் தின்றது. அரபியில் இவரை சக்கார் என்பார்கள். நான் பார்த்த சக்கார்களில் பலர் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள், பறவையோடு ஒரே அறையில் தூங்குகிறவர்கள். மருத்துவருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாம் படி: இயந்திரமும் உங்கள் பாதுகாப்பும்

பறவையின் இதயம் மிக வேகமாகத் துடிக்கும். கதிர் பாய்ச்சும் நேரம் நீண்டால் படம் மங்கிவிடும். அதனால் நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள், ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. ஒரு கிலோ அளவுள்ள ஃபால்கனுக்கு 45லிருந்து 55 கேவி (கதிரின் ஊடுருவும் வலுவைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்) வரை, குறைந்த எம்ஏஎஸ் (கதிரின் மொத்த அளவு) என்று தொடங்கலாம். இயந்திரத்துக்கு இயந்திரம் இது மாறும் என்பதால் உங்கள் அறைக்கென்று எடைவாரியாக ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எக்ஸ்ரே குழாய்க்கும் படம் விழும் தட்டுக்கும் இடையே சுமார் 100 சென்டிமீட்டர் தூரம் இருக்கட்டும். பறவையின் உடம்பு 10 சென்டிமீட்டர் தடிமன்கூட இருக்காது, சிதறும் கதிரை வடிகட்டும் கிரிட் தேவையில்லை. டிஜிட்டல் கருவியில் கை, கால் எலும்புகளுக்கான நுண் அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், மனித மார்புக்கான அமைப்பில் எடுத்தால் மெல்லிய காற்றுப்பைக் கோடுகள் காணாமல் போகும்.

மேசையைத் துடையுங்கள். முந்தைய பறவைக்குக் குடல் படத்தில் தெரிவதற்காகக் கொடுத்த பேரியம் ஒரு சொட்டு காய்ந்து கிடந்தால் அது அடுத்த பறவையின் வயிற்றில் ஈயம் மாதிரித் தெரியும்.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னப் பறவைதானே, கையால் பிடித்துக்கொண்டு எடுத்துவிடலாம் என்று சில இடங்களில் செய்கிறார்கள், விரல் நுனி படத்தில் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஈயக் கையுறை சிதறி வரும் கதிரைத்தான் தடுக்கும், நேர்க் கதிருக்குள் கையுறையோடுகூடக் கை போகக் கூடாது. ஈய ஏப்ரன், தைராய்டு கவசம், சட்டையில் கதிர் அளவு காட்டும் பேட்ஜ், இந்த மூன்றும் இல்லாமல் அறைக்குள் நிற்காதீர்கள். தொழில்முறையாகக் கதிரில் வேலை செய்பவருக்கு உலக அளவில் சொல்லப்படும் வரம்பு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். பறவைக்கு மயக்கம் கொடுத்து டேப் ஒட்டிவிட்டு நீங்கள் நான்கடி பின்னால் போய்விட்டால் அதன் பக்கமே போக மாட்டீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகிவிடும்.

மூன்றாம் படி: மயக்கம்

விழித்திருக்கும் ஃபால்கனை நேராகப் படுக்க வைக்க முடியாது. அது திமிறும், பறப்பு இறகு ஒடியும், பயத்திலேயே மோசமாகிவிடும். மூச்சு வழியே கொடுக்கும் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்துதான் வழக்கம். புர்கா கழற்றாமல் துணியில் இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்து, புர்காவின் மேலேயே முகமூடியை வைத்து, ஆக்சிஜனோடு 4லிருந்து 5 சதவீதத்தில் ஆரம்பிப்பார்கள், பிடி தளர்ந்ததும் 2, 3 சதவீதத்துக்குக் குறைப்பார்கள். அப்புறம் புர்காவைக் கழற்றலாம். மருந்தின் அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும், டெக்னீஷியன் மூச்சை எண்ணட்டும்.

மல்லாந்து படுத்த பறவைக்கு மூச்சு விடுவது சிரமம், மார்பெலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் அதற்குக் காற்றே போகும். ஆகவே மார்பின் மேல் மணல்மூட்டை, பட்டை, உங்கள் கை, எதையும் வைக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் மூச்சுக்குழலுக்குள் குழாய் போட்டுவிடுவது நல்லது. காற்று ஊதிப் பெருக்கும் கஃப் வைத்த குழாய் வேண்டாம், பறவையின் மூச்சுக்குழல் வளையங்கள் முழு வட்டமானவை, விரிந்து கொடுக்காது. உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் உள்ள உயிரினம் இது, ஏசி அறையில் மேசை மேல் படுத்தால் சட்டென்று குளிர்ந்துவிடும். அதனால் மயக்கம் கொடுக்குமுன்பே கேவியும் தூரமும் சரிசெய்து, டேப்புகளைக் கிழித்து மேசை ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

நான்காம் படி: படுக்க வைப்பது

முதலில் உலோகம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். காலில் கட்டிய தோல் வாரின் சுழல் வளையம், வாலில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர், எல்லாமே வெள்ளையாகப் படத்தை மறைக்கும். கால் வளையத்தைக் கழற்ற முடியாது, அது இருக்கட்டும். பலவற்றில் இடது மார்புச் சதையில் மைக்ரோசிப் இருக்கும், அரிசிமணி அளவில் நீளமாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் குண்டு பாய்ந்திருக்கிறது என்று ஓடி வந்தவர்களும் உண்டு.

இரண்டு படங்கள் கட்டாயம், மல்லாந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள்.

மல்லாந்த படத்துக்குப் பறவையைக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகையில் முதுகு படக் கிடத்துங்கள். கழுத்தை நேராக நீட்டி, இரண்டு இறக்கைகளையும் ஒரே அளவு விரித்து, மணிக்கட்டு மூட்டருகே காகித டேப் போடுங்கள். துணி பிளாஸ்டரோ பார்சல் டேப்போ வேண்டாம், இறகைப் பிய்த்துக்கொண்டு வரும். வேட்டைக்குப் போகும் பறவைக்கு ஒரு முதன்மைப் பறப்பு இறகு ஒடிவது சின்ன விஷயம் இல்லை. கால்களை இணையாகக் கீழ்நோக்கி இழுத்துக் கணுக்காலுக்கு மேல் டேப் போடுங்கள், தொடைகள் வயிற்றின் மேல் விழாத அளவுக்கு இழுக்க வேண்டும்.

இங்கேதான் நான் இன்னமும் நேரம் எடுத்துக்கொள்வேன். டேப் போட்டு முடிந்ததும் மேசையின் கால்மாட்டுக்குப் போய்க் குனிந்து, பறவையின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பேன். மார்பெலும்பின் முகடு ஒரு படகின் அடிக்கட்டை மாதிரி நடுவில் எழும்பி நிற்கும், அது நேர் மேலே பார்க்கிறதா, இடதிலோ வலதிலோ சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் ஒரு பக்கத்து இறக்கை டேப்பைக் கொஞ்சம் தளர்த்தி, மார்பை இரண்டு விரலால் மெல்லத் திருப்பி, மறுபடி ஒட்டி, மறுபடி குனிந்து பார்க்க வேண்டும். கழுகுப் பார்வையில் மேலிருந்து பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரியும். கால்மாட்டிலிருந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பக்கவாட்டுப் படத்துக்கு வலது பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைப்பது வழக்கம். இரண்டு இறக்கைகளையும் முதுகுக்கு மேலே தூக்கி ஒட்டுங்கள், கால்களை வால் பக்கம் இழுங்கள். மேலே இருக்கும் காலையும் இறக்கையையும் கீழே இருப்பதன் மேல் அப்படியே பொருத்தாமல் லேசாகத் தள்ளி வைத்தால் எது இடது, எது வலது என்று பிரித்துப் பார்க்கலாம். மார்பெலும்பின் முகடும் முதுகெலும்பும் பலகையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், முகடு கீழே தொங்கினால் அதன் அடியில் மடித்த துணியைச் சொருகுங்கள்.

இடது, வலது காட்டும் எல், ஆர் குறிகள், பறவையின் வளைய எண், தேதி, மூன்றும் படத்திலேயே விழட்டும். மூச்சை உள்ளிழுத்து மார்பு உயர்ந்து நிற்கும் கணத்தில் பொத்தானை அழுத்துங்கள். காற்றுப்பைகள் முழுசாக விரிந்திருக்கும் நேரம் அது.

எலும்பு முறிவு சந்தேகம் என்றால் கூடுதல் கோணங்கள் வேண்டும். விரித்த இறக்கையை மேலிருந்து எடுத்த படம் மட்டும் போதாது, அதற்குக் குறுக்கே இன்னொன்று. தோளைச் சுற்றியுள்ள எலும்புகளுக்கு, பறவை மல்லாந்தபடியே இருக்க, எக்ஸ்ரே குழாயை வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கம் நோக்கி 45 டிகிரி சாய்த்து எடுக்கும் படம் ஒன்று உண்டு, ஹெச் வியூ என்பார்கள். பாதத்துக்கு விரல்களைத் தனித்தனியாக விரித்து ஒட்டி எடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பறவையை எழுப்புமுன் படத்தைச் சோதியுங்கள்

டிஜிட்டல் வந்த பிறகு இது சில விநாடி வேலை. மல்லாந்த படத்தில் மார்பு முகட்டின் கோடு முதுகெலும்பின் மேலேயே விழுகிறதா? தோள்களும் இடுப்பு மூட்டுகளும் இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றாக இருக்கின்றனவா? பக்கவாட்டுப் படத்தில் இரண்டு இடுப்பு மூட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றனவா? இல்லையென்றால் திரும்ப எடுங்கள். பறவை மயக்கத்தில் இருக்கும் இந்த இரண்டு நிமிடம் போனால் இன்னொரு நாள் இன்னொரு மயக்கம்தான்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஷாஹீன் வகை ஃபால்கன் ஒன்றிடம். சுவரில் மோதியது என்று கொண்டுவந்தார்கள். ஒரு இறக்கை கொஞ்சம் தொங்கியது, அடித்துக்கொண்டால் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. கூட்டம் அதிகமான நாள். லேசாகச் சாய்ந்திருந்த படத்தை எடுத்தவன் நான், எலும்பு எதுவும் முறியவில்லை, சதைப்பிடிப்புதான் என்று பறவை வீட்டுக்குப் போனது. இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது, அப்படியே. இந்த முறை நேராகப் படுக்க வைத்து, சாய்வுக் கோணத்திலும் எடுத்தோம். தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் கோரக்காய்டு எலும்பு நடுவில் முறிந்து, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. வேகமாகப் பறந்து நெஞ்சில் மோதும் பறவைக்கு முறிகிற எலும்பே அதுதான். இறக்கையைக் கட்டி இருட்டறையில் ஓய்வாக வைத்திருந்தால் தானாகவே பொருந்தக்கூடிய முறிவு, அந்த இரண்டு வாரமும் அது கட்டையில் இறக்கை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பறவை பழையபடி பறக்கவில்லை. அன்று இன்னொரு படம் எடுக்க எனக்குத் தேவைப்பட்டது ஒரு நிமிடம்.

ஆறாம் படி: படத்தைப் படிப்பது

கண் முதலில் போகும் இடத்துக்குப் போகவிடாதீர்கள். தினமும் ஒரே வரிசையில் பாருங்கள். நான் எலும்பில் தொடங்குவேன், கழுத்தெலும்பிலிருந்து தோள், இறக்கை, முதுகு, இடுப்பு, கால் விரல் வரை. பிறகு மூச்சுக்குழல், நுரையீரல், காற்றுப்பைகள். அப்புறம் இதயமும் கல்லீரலும், தீனிப்பை தொடங்கிக் குடல், சிறுநீரகம், மண்ணீரல். ஈயக் குண்டு பளிச்சென்று கண்ணில் பட்டாலும் வரிசையை விடாமல் முடியுங்கள், பக்கத்திலேயே ஒரு முறிவும் இருக்கலாம்.

நோயில்லாமலே நோய் போலத் தெரியும் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முட்டையிடும் காலம் நெருங்கும் பெண் பறவையின் தொடையெலும்பு, இறக்கையின் அல்னா எலும்பு போன்றவற்றின் உள்ளே சுண்ணாம்பு சேர்ந்து எலும்பு வெண்மையாகத் தெரியும், அது முட்டை ஓட்டுக்கான சேமிப்பு. பருந்து, கழுகு வகைகளிலும் ஆந்தைகளிலும் மணிக்கட்டருகே ஒரு சின்னத் தனி எலும்பு உண்டு, உடைந்த துண்டு என்று நினைத்துவிடாதீர்கள். குஞ்சுகளின் எலும்பு முனையில் தெரியும் இடைவெளி வளர்ச்சிக்கானது, முறிவு அல்ல. சில பராமரிப்பாளர்கள் வயிற்றைச் சுத்தம் செய்ய ஃபால்கனுக்குச் சின்னக் கூழாங்கற்கள் கொடுப்பார்கள், பழைய வழக்கம். மணல் மேல் விழுந்த இறைச்சியைத் தின்ற பறவையின் வயிற்றில் மணலும் தூவினாற்போலத் தெரியும். கல்லும் மணலும் எலும்பின் வெண்மைதான் காட்டும், உலோகம் அதைவிடப் பளீரென்று, ஓரம் கூர்மையாக இருக்கும்.

ஈயம்

துப்பாக்கியால் சுட்ட புறாவையோ வேறு இரையையோ தின்னும் பறவை, இறைச்சியோடு ஈய ரவையையும் விழுங்கும். ஃபால்கனின் வயிற்று அமிலம் எலும்பையே கரைப்பது, ஈயத்தையும் கரைத்து இரத்தத்தில் கலந்துவிடும். கால் பலவீனமாகும், விரல்கள் பிடி இழக்கும், எச்சம் பச்சையாகும், பறவை கணுக்காலில் உட்கார்ந்துவிடும்.

படத்தில் வயிற்றுப் பகுதியில் பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தால் உடனே இரண்டாவது படத்தைப் பாருங்கள். மல்லாந்த படத்தில் வயிற்றின் மேல் விழும் புள்ளி, பக்கவாட்டில் பார்த்தால் முதுகுச் சதையில் இருக்கலாம். சதையில் பதிந்த ரவை பெரும்பாலும் தொந்தரவு செய்யாது, வயிற்றுக்குள் இருப்பதுதான் ஆபத்து.

எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, அதனால் ஈயம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரவை முழுக்கக் கரைந்து போயிருக்கலாம், அல்லது இறகு உருண்டையோடு வெளியே கக்கியிருக்கலாம். ஒரு முறை சேக்கர் வகை ஃபால்கன் ஒன்று, பெரியது, அரபியில் ஹுர் என்பார்களே அது, நிற்க முடியாமல் வந்தது. படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. சக்கார் மட்டும் நாலு நாளைக்கு முன்னால் யாரோ சுட்டுக் கொடுத்த புறாவைப் போட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஈயம் எகிறியிருந்தது. டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் தாண்டினாலே சந்தேகிக்க வேண்டும். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் கால்சியம் ஈடிடிஏ ஊசியைத் தொடங்கி நாட்கணக்கில் போட்ட பிறகு ஒரு காலை அது கட்டையைப் பிடித்து நின்றது. அவர் எச்சத்தைக்கூட விரலில் தொட்டு நிறம் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். அவரிடம் இரையைப் பற்றிக் கேட்காமல் விட்டிருந்தால் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்திருப்போம்.

வயிற்றில் ரவை தெரிந்தால், எடுத்த பிறகு மறுபடியும் ஒரு படம் எடுத்து எல்லாம் வெளியேறிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பூஞ்சை: ஆஸ்பர்ஜில்லோசிஸ்

வளைகுடாவில் ஃபால்கன் வைத்திருப்பவர்கள் மிகவும் பயப்படும் நோய் இது. ஆர்க்டிக் குளிரில் பிறந்து வளரும் ஜைர் ஃபால்கனும் அதன் கலப்பினங்களும்தான் இதில் சுலபமாக விழும். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேடஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. பயணக் களைப்பும் வெப்பமும் தூசியும் சேர்ந்து எதிர்ப்புச் சக்தி குறையும்போது காற்றுப்பைக்குள் வேர் பிடிக்கும்.

ஆரோக்கியமான காற்றுப்பையின் சுவர் எக்ஸ்ரேயில் தெரியவே கூடாது, அவ்வளவு மெல்லியது. அது ஒரு கோடாகத் தெரியத் தொடங்கினால் தடித்திருக்கிறது என்று பொருள். அடுத்த கட்டத்தில் இரண்டு பக்கக் கறுப்பும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் மூடுபனி படர்ந்த மாதிரி வெளுத்திருக்கும், உருண்டையான கட்டிகளும் தெரியலாம். பக்கவாட்டுப் படத்தில் நுரையீரல் தேன்கூடு போலக் கட்டம் கட்டமாகத் தெரிவது இயல்பு, அந்தக் கட்டங்கள் கரைந்து திட்டாகியிருந்தால் கவனியுங்கள். சில சமயம் வயிற்றுப் பக்கக் காற்றுப்பை மட்டும் பலூன் போல ஊதியிருக்கும், உள்ளே போன காற்று திரும்பி வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டது அது.

இப்போது நான்காம் படி நினைவுக்கு வர வேண்டும். சாய்ந்து எடுத்த படத்திலும் ஒரு பக்கம் வெளுத்துத்தான் தெரியும். முகடு முதுகெலும்பின் மேல் விழாத படத்தை வைத்துக்கொண்டு காற்றுப்பையில் சமமின்மை என்று எழுதக் கூடாது.

ஆரம்ப நிலைப் பூஞ்சை எக்ஸ்ரேயில் தெரியாது. குரல் மாறிவிட்டது என்று சக்கார் சொன்னால் மூச்சுக்குழல் பிரியும் இடத்தில், குரல் உறுப்பில், கட்டி இருக்கலாம், அது படத்தில் பெரும்பாலும் சிக்காது. எண்டோஸ்கோப் விட்டுத்தான் பார்க்க வேண்டும். அறிக்கையில் பூஞ்சை இல்லை என்று எழுதாமல், எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியவில்லை, எண்டோஸ்கோப்பி பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதுங்கள். சேக்கர்களில் செரடோஸ்பிகுலம் என்ற நூல் போன்ற புழு காற்றுப்பையில் குடியிருப்பதும் உண்டு, அதுவும் சுவரைத் தடிக்க வைக்கும், எது எது என்று பிரித்துச் சொல்வதும் எண்டோஸ்கோப்தான்.

எலும்பு முறிவு, எலும்புத் தேய்வு, பாதப்புண்

முறிவைக் கண்டால் எங்கே, எத்தனை துண்டு, மூட்டுக்கு எவ்வளவு பக்கம் என்று மூன்றையும் எழுதுங்கள். மூட்டுக்கு ஒட்டிய முறிவுக்குத் திரும்பப் பறக்கும் வாய்ப்பு குறைவு. தோள் பக்கத்து ஹியூமரஸ் எலும்புக்குள் காற்றுப்பை நீள்கிறது, அது வெளியே தெரிய உடைந்திருந்தால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள், தண்ணீர் நேராக மூச்சு மண்டலத்துக்குள் போகும். பறவை எலும்பு வேகமாகக் கூடும், நன்றாகப் பொருத்தியிருந்தால் மூன்று வாரத்தில் பிடித்துவிடும். இரண்டாவது வாரத்தில் ஒரு படம், மூன்றாவது வாரத்தில் ஒரு படம், இரண்டையும் முதல் படத்தின் அதே கோணத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

எலும்புத் தேய்வு என்றவுடன் எனக்கு நம்மூர்தான் நினைவுக்கு வரும். மரத்திலிருந்து விழுந்த பருந்துக் குஞ்சையோ கூகைக் குஞ்சையோ எடுத்துவந்து எலும்பில்லாத கறித்துண்டை மட்டும் பாசமாக ஊட்டுகிறார்கள். வெறும் சதையில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம், சில வாரத்தில் குஞ்சின் கால் வில்லாக வளைகிறது. எக்ஸ்ரேயில் எலும்புச் சுவர் பென்சில் கோடு போல மெலிந்து, பச்சைக் குச்சி மடங்கின மாதிரி மடிப்பு முறிவுகள் தெரியும், பக்கத்துச் சதைக்கும் எலும்புக்கும் வெண்மையில் வித்தியாசமே இருக்காது. எலும்போடும் தோலோடும் முழு எலி, முழுக் கோழிக்குஞ்சு கொடுத்தால் இந்த நோயே வராது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இந்தப் பறவைகளை வீட்டில் வளர்க்க முடியாது. குஞ்சு கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள், ஒரு வாரம் வளர்த்துப் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அந்த ஒரு வாரத்திலேயே எலும்பு கெடும்.

பாதப்புண்ணுக்கு எக்ஸ்ரே எடுப்பது ஒரே ஒரு கேள்விக்காக: தொற்று எலும்பைத் தொட்டுவிட்டதா? விரல் எலும்பின் ஓரம் அரித்தாற்போல இருந்தாலோ, மூட்டு இடைவெளி கலைந்திருந்தாலோ வைத்தியம் பல மாதம் ஆகும் என்று உரிமையாளரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். வீக்கம் சதையில் மட்டும் என்றால் நம்பிக்கையோடு தொடங்கலாம்.

கல்லீரலும் சிறுநீரகமும்

மல்லாந்த படத்தில் இதயமும் கல்லீரலும் சேர்ந்து மணற்கடிகாரம் போல நடுவில் இடுப்பு ஒடுங்கித் தெரியும். அந்த இடுப்பு காணாமல் போனால் கல்லீரல் வீங்கியிருக்கலாம், எதனால் என்பதை இரத்தமும் திசுச் சோதனையும் சொல்லும். சிறுநீரகம் பக்கவாட்டுப் படத்தில் முதுகுக்குக் கீழே, மேலே ஒரு காற்றுக் கோட்டோடு தெரியும். அந்தக் காற்றுக் கோடு மறைந்தால் சிறுநீரகம் பெரிதாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் எக்ஸ்ரே பாதி விடைதான் தரும்.

கடைசிப் படி: எழுப்புவது

படம் சரியாக விழுந்ததும் மயக்கத்தை நிறுத்தி ஆக்சிஜன் மட்டும் விடுங்கள். டேப்புகளை இறகு வளர்ந்திருக்கும் திசையிலேயே, இறகை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடுங்கள், அவசரப்பட்டு எதிர்த்திசையில் இழுக்காதீர்கள். துணியில் சுற்றி, தலை மேலே இருக்கும்படி மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணிமை அசையும், பிறகு விரல்கள் இறுகும். கக்கினால் தலையைச் சற்றுக் கீழே சாய்த்து வாயைத் துடைத்துவிடுங்கள். கால்கள் உங்கள் கையுறையை நன்றாகப் பிடிக்கத் தொடங்கியதும் புர்காவைத் திரும்ப மாட்டி, கட்டையில் தானாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சக்கார் கையில் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துச் சின்னத் துண்டு இறைச்சி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைய படங்களின் பிரதியையும் அவரிடமே கொடுத்தனுப்புங்கள், அடுத்த செப்டம்பரில் ஒப்பிட அதுதான் கையில் இருக்கும்.